டோரஸ் நீரிணைத் தீவு மக்களின் கொடியைத் தைப்பது எப்படி

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கொடியில் பச்சைக்கும் நீலத்துக்கும் இடையே மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மெல்லிய கருப்புப் பட்டைகள் வரும். பார்த்தவுடன் அது சேலைக்குக் கரை வைத்ததுபோல ஏதோ அழகுக்காக வைத்தது என்று தோன்றும். அப்படி நினைப்பவர்கள் கருப்பு ரிப்பனையோ பைப்பிங்கையோ மேலே வைத்து ஓட்டி வேலையை முடித்துவிடுவார்கள். அது தவறு. பச்சை நிலம், நீலம் கடல், நடுவில் இருக்கும் கருப்பு மக்கள். நிலத்தையும் கடலையும் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் அவர்கள். அந்தப் பட்டையைத் தனித் துணியாக, அளந்து வெட்டி, இரண்டு பக்கமும் மூட்டித் தைக்க வேண்டும். கீழே நான் சொல்லப்போகும் தையல் முறை முழுவதும் இந்த ஒன்றைச் சரியாகச் செய்வதற்காகத்தான்.

நான் சென்னிமலைக்காரி. அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் அண்ணன் மகள் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் கெய்ன்ஸ் என்ற ஊரில் நர்சாக வேலை செய்கிறாள். அவள் பார்க்கும் நோயாளிகளில் பலர் டோரஸ் நீரிணைத் தீவுகளிலிருந்து வருகிறவர்கள். அவர்களைப் பற்றி அவள் சொல்லிச் சொல்லித்தான் இந்தக் கொடி எனக்குத் தெரிய வந்தது. ஆகஸ்ட் 9, ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த உலகப் பழங்குடி மக்கள் நாள். அன்றைக்குப் பள்ளிக் கண்காட்சிக்கு என்று எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் ஒரு கொடி தைக்க ஆசைப்பட்டார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன்.

யாருடைய கொடி இது

ஆஸ்திரேலியாவின் வட முனைக்கும் பாப்புவா நியூ கினிக்கும் நடுவே சுமார் 150 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கடல் இருக்கிறது. 1606-இல் அந்த வழியாகக் கப்பலில் போன லூயிஸ் வாயேஸ் டி டோரஸ் என்பவரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அதில் 270-க்கும் மேற்பட்ட தீவுகள். மக்கள் குடியிருப்பவை இருபதுக்கும் குறைவு. சாய்பாய் என்ற தீவிலிருந்து பார்த்தால் நியூ கினியின் கரை நான்கு கிலோமீட்டர் தூரத்தில் தெரியும். மேற்குத் தீவுகளில் ஒரு மொழி, கிழக்கே மேர் பக்கத்துத் தீவுகளில் அதனோடு ஒட்டாத வேறொரு மொழி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கலப்பு மொழி என்று பேச்சு வழங்குகிறது. ஆஸ்திரேலியாவின் பெருநிலத்துப் பழங்குடிகளும் இவர்களும் ஒரே மக்கள் அல்லர். அவர்களுக்கு வேறு கொடி, கருப்பும் சிவப்பும் நடுவில் மஞ்சள் வட்டமுமாக. 1971-இல் ஹெரால்ட் தாமஸ் வரைந்தது. படம் தேடும்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும், மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

1879-இல் குயின்ஸ்லாந்து காலனி இந்தத் தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு முத்துச்சிப்பி எடுக்கும் படகுகளில் தீவுக்காரர்கள் மூழ்கி உழைத்தார்கள். கூலி அவர்கள் கைக்கு நேராக வரவில்லை. 'பாதுகாவலர்' என்ற பெயரில் இருந்த அரசு அதிகாரி அதை வைத்துக்கொண்டு, எதற்குச் செலவு செய்யலாம் என்று அவரே முடிவு செய்தார். 1936-இல் படகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாதக்கணக்கில் நடந்த அந்தப் போராட்டத்தில் தங்கள் ஊர் விவகாரத்தில் தாங்களே முடிவெடுக்கும் உரிமையில் ஒரு பங்கைப் பெற்றார்கள். பனியன் கம்பெனி வாசலில் பஞ்சப்படி கேட்டு நின்றவர்கள் பிறந்த மண்ணில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொடி பிறந்தது 1992-இல். தீவுகளின் ஒருங்கிணைப்பு மன்றம் ஒரு போட்டி வைத்தது. தர்ஸ்டே தீவைச் சேர்ந்த பெர்னார்ட் நமோக் என்ற இளைஞர் வரைந்தது தேர்வானது. மே 29 அன்று அது மக்களின் கொடியானது. ஆண்டுதோறும் அந்த நாளைத்தான் கொடி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அடுத்த ஆண்டே, 1993-இல், நமோக் இறந்துபோனார். கொடி இன்று மருத்துவமனை வாசலிலும் பள்ளிக்கூடத்திலும் நாடாளுமன்றத்திலும் இருக்கிறது, வரைந்தவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு மனம் கனத்துப்போகும். பிள்ளைகளிடம் கொடியைப் பற்றிச் சொல்லும்போது அவர் பெயரை விடாமல் சொல்லவைக்கிறேன்.

அந்த மே 29-க்கு ஐந்தே நாள் கழித்து, 1992 ஜூன் 3 அன்று, ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. மேர் தீவில் பிறந்த எடி கோய்கி மாபோ, டவுன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலை செய்துகொண்டிருந்தபோதுதான், தன் குடும்பத்து நிலம் சட்டப்படி அரசுக்குச் சொந்தமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தார். வெள்ளைக்காரர்கள் வந்தபோது அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கோட்பாட்டின் மீதுதான் அந்த நாட்டின் நிலச் சட்டமே நின்றது. மாபோவும் மேர் தீவினர் சிலரும் தொடுத்த வழக்கு அந்தக் கோட்பாட்டைச் சாய்த்துவிட்டது. தீர்ப்பைக் கேட்க மாபோ இல்லை, ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். கொடியும் தீர்ப்பும் ஒரே வாரத்தில் வந்ததால் இந்தக் கொடியில் உள்ள பச்சை எனக்கு வெறும் நிறமாகத் தெரிவதில்லை. பட்டா இருந்தும் நிலத்துக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கியவர்கள் நம் ஊரிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

1995 ஜூலை 14 அன்று ஆஸ்திரேலிய அரசு இதைத் தன் கொடிச் சட்டத்தின்கீழ் அந்நாட்டின் கொடிகளில் ஒன்றாக அறிவித்தது.

படத்தில் என்ன இருக்கிறது

மேலிருந்து கீழாகப் பச்சை, கருப்பு, நீலம், கருப்பு, பச்சை. எல்லாவற்றிலும் நீலமே அகலம். நீலத்தின் நடுவே வெள்ளையில் ஒரு தலையணி, அதன் வளைவுக்குள்ளே வெள்ளை நட்சத்திரம். அந்தத் தலையணிக்குத் தாரி என்று பெயர். பறவை இறகுகளை வைத்துக் கட்டுவார்கள். ஆண்கள் ஆட்டத்தின்போது அணிவது. தலையை ஆட்டும்போது இறகுகள் சேர்ந்து அசையும் என்று அண்ணன் மகள் சொன்னாள். கொடியில் அது அந்த மக்கள் அனைவரையும் குறிக்கிறது. வெள்ளை நிறம் அமைதிக்கு.

நட்சத்திரத்துக்கு ஐந்து முனை. தீவுகள் ஐந்து தொகுதிகளாக இருப்பதால் தொகுதிக்கு ஒரு முனை. கடலோடிகள் வழி கண்டுபிடிப்பது விண்மீனைப் பார்த்துத்தான் என்பதும் அதில் இருக்கிறது. தாகாய் என்ற மாவீரன் படகில் நிற்பதாக ஒரு பெரிய விண்மீன் கூட்டத்தை அவர்கள் பார்க்கிறார்கள். நாம் தென்சிலுவை என்று படிக்கும் நான்கு விண்மீன்கள் அவனுடைய இடது கை. அந்தக் கை வானத்தில் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்து எப்போது நட வேண்டும், எப்போது மழை வரும் என்று கணித்தார்கள். அந்தக் கையை நாமும் பார்க்கலாம். மே மாதக் கடைசியில் இரவு எட்டு மணிவாக்கில், வெளிச்சம் குறைந்த இடத்தில் நின்று நேர் தெற்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே பாருங்கள். கடலே இல்லாத கொங்கு நாட்டிலிருந்தும் அது தெரிகிறது. அவர்களுடைய கொடி நாள் சமயத்தில்தான் நமக்கும் தெரிகிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

துணி வெட்டுவதற்கு முன்னால்

அனுமதி கேளுங்கள். கொடியின் பதிப்புரிமை டோரஸ் நீரிணைத் தீவு வட்டார மன்றத்திடம் இருக்கிறது. அவர்கள் கேட்பது மூன்றுதான். முன்கூட்டி எழுத்தில் அனுமதி பெற வேண்டும், நிறங்களை மாற்றக் கூடாது, பொருத்தமான இடத்தில் மறைந்த பெர்னார்ட் நமோக்தான் வரைந்தவர் என்று குறிப்பிட வேண்டும். எந்தப் பள்ளி, எதற்காக, எத்தனை கொடி என்று எழுதி மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். 'சின்னப் பிள்ளைகள் தைப்பதற்கு எதற்கு இதெல்லாம்' என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நம் ஊர்ப் போர்வைக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் பேர் போட்டு வேறெங்கோ தறியில் ஓட்டி விற்றால் நெசவாளிக்கு எப்படி வலிக்கும் என்று அவருக்கே தெரியும். இன்னொருவருடைய அடையாளத்தைக் கையில் எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுப்பதுதான் முறை.

பிள்ளைகளுக்குக் கொடி என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்கத் தேவைப்படவில்லை. கொடி காத்த குமரன் பிறந்தது இதே சென்னிமலையில், 1904-இல். திருப்பூரில் போலீஸ் தடியடியில் விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடாமல் 1932 ஜனவரி 11 அன்று உயிர் விட்டார். அவர் பெயரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். தாங்கள் பிடித்திருப்பது வெறும் துணியன்று என்று அவர்களுக்குத் தெரியும். மற்றவர்களின் கொடிக்கும் அதே மரியாதை உண்டு என்பதை மட்டும் நான் சேர்த்துச் சொன்னேன்.

துணி

திருப்பூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முதலில் கைக்கு வருவது பனியன் துணிதான். பிட் துணி மூட்டைகூடக் கிடைக்கும். ஆனால் கொடிக்கு அது ஆகாது. பின்னலாடைத் துணி இழுக்கும், மெல்லிய கருப்புப் பட்டை இரண்டே நாளில் அலையலையாக நெளிந்துவிடும். தறியில் நெய்த பாப்ளின் வாங்குங்கள். ஈரோடு ஜவுளிச் சந்தையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அங்கே போக முடியாதவர்கள் உள்ளூர் மேட்சிங் சென்டருக்குப் போகலாம், ரவிக்கைத் துணி அடுக்கி வைத்திருக்கும் அலமாரியில் எந்த நிறமும் தேடி எடுக்கலாம். சென்னிமலைக் கைத்தறித் துணி எனக்கு உயிர், ஆனாலும் போர்வைக் கனத்தில் நெய்தது காற்றில் பறக்காது. சுவரில் தொங்கவிடுவதாக இருந்தால் அதில் தாராளமாகத் தைக்கலாம்.

நிறத்தை டியூப் லைட்டின் கீழே பார்த்து முடிவு செய்யாதீர்கள். துணியைக் கடைக்கு வெளியே கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் படத்தோடு வைத்துப் பாருங்கள். கிளிப்பச்சை வேண்டாம், வான நீலம் வேண்டாம். இரண்டும் அடர்த்தியாக இருக்க வேண்டும். மன்றம் நிறங்களுக்கான அச்சு எண்களைத் தருகிறது. அதை அச்சகத்தில் காட்டினால் நிற அட்டையைப் புரட்டிக் காட்டுவார்கள். அந்த அட்டையோடு ஒப்பிட்டுத் துணி எடுப்பதுதான் சரி.

90 செ.மீ. நீளம், 60 செ.மீ. உயரம் என்ற அளவுக்குப் பச்சை, நீலம், கருப்பு ஒவ்வொன்றும் ஒன்றேகால் மீட்டர், வெள்ளை அரை மீட்டர் போதும். மிச்சம் வரும், வரட்டும்.

வாங்கிய துணியை அப்படியே வெட்டாதீர்கள். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி இஸ்திரி போடுங்கள். சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும். கருப்பையும் நீலத்தையும் தனித்தனி வாளியில் ஊறவையுங்கள். பிறகு ஒரு துண்டுக் கருப்பை வெள்ளைத் துணியோடு ஈரமாகச் சேர்த்துத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் கறை ஏறினால் சாயம் விடுகிறது என்று அர்த்தம். நம் வீடுகளில் உப்புத் தண்ணீரில் முக்குவார்கள். ஏற்கெனவே சாயம் ஏறிய துணிக்கு உப்பால் பயன் இல்லை. இழையோடு சேராமல் மேலாக ஒட்டியிருக்கும் சாயம்தான் அப்படி வெளியே வருகிறது. சூடான சோப்புத் தண்ணீரில் அலசி, தண்ணீர் தெளியும் வரைக்கும் மறுபடி மறுபடி அலச வேண்டும். தெளியாவிட்டால் அந்தத் துணியை விட்டுவிட்டு வேறு வாங்குங்கள். தாரியில் கருப்புக் கறை ஏறினால் எடுக்கவே முடியாது.

சாயத் தண்ணீர் என்றாலே எனக்கு நொய்யல் ஆறு நினைவுக்கு வரும். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கும் விவசாயக் காடுகளில் சாயக் கழிவுநீரால் என்ன நடந்தது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்கு அது போனது. தண்ணீர் கெட்டால் நிலம் என்ன ஆகும் என்று நாம் கண்ணால் கண்டவர்கள். டோரஸ் நீரிணைத் தீவுகளில் கடல் மட்டம் உயர்ந்து, உப்புத் தண்ணீர் தோட்டத்துக்குள்ளும் இடுகாட்டுக்குள்ளும் ஏறுகிறது. எட்டுப் பேர் தங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார்கள். தட்பவெப்ப மாற்றத்திலிருந்து அவர்களைப் போதிய அளவு காக்காமல் ஆஸ்திரேலியா அவர்களின் உரிமையை மீறியது என்று 2022-இல் அந்தக் குழு முடிவு சொன்னது. கொடியில் பச்சையும் நீலமும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. ஊரில் அப்படி நிற்கவேண்டும் என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள்.

அளவு எடுத்தல்

மன்றத்திடம் இருந்து வந்த படத்தை 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரமாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதன்மேல் பென்சிலால் 2 செ.மீ. கட்டம் போடுங்கள். நீளவாக்கில் 15, உயரவாக்கில் 10 கட்டங்கள் வரும். தேவையான அளவுக்குப் பழுப்புக் காகிதத்தை ஒட்டி, அதில் 6 செ.மீ. கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள கோட்டை அதே கட்டத்துக்கு மாற்றி வரைந்தால் படம் மூன்று மடங்காகிவிடும். பட்டைகளின் உயரத்தையும் படத்தில் அளந்து மூன்றால் பெருக்குங்கள். கண் மதிப்பில் 'இவ்வளவு இருக்கும்' என்று போடவே கூடாது. குறிப்பாகக் கருப்புப் பட்டையை. பிள்ளைகள் அதை மெலிதாக்கவே பார்ப்பார்கள்.

தாரியை மனத்திலிருந்து வரையாதீர்கள். வெறும் குதிரை லாட வளைவு என்று நினைத்தால் அதன் தோள்களும் கால்களும் தவறிவிடும். கட்டம் வைத்துப் பாதியை மட்டும் வரைந்து, காகிதத்தை நடுவில் மடித்து வெட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வந்துவிடும். நட்சத்திரத்துக்குக் காம்பஸால் வட்டம் போட்டு, நடுவிலிருந்து 72 பாகைக்கு ஒரு புள்ளி வைத்து, ஒரு புள்ளியை விட்டு அடுத்த புள்ளியைச் சேருங்கள். ஒரு முனை நேராக மேலே பார்க்க வேண்டும். நாங்கள் வரைந்துகொண்டிருந்தபோது கெய்ன்ஸிலிருந்து பேசியவள், “ஐந்து முனைதானுங்க அத்தை, ஆறு வந்துவிடப்போகிறது” என்று இரண்டு முறை நினைவூட்டினாள்.

பட்டைகளைத் துணியின் நீளவாக்கிலேயே வெட்டுங்கள். பாவு இழை ஓடும் திசையில் துணி இழுக்காது. ஒவ்வொரு பட்டையும் 95 செ.மீ. நீளம். அதில் கம்பப் பக்கம் மடிக்க 2, பறக்கும் பக்கம் மடிக்க 3 போகும். உயரத்தில், மூட்டும் பக்கத்துக்கு 1.5 செ.மீ. கூடுதலாக விடுங்கள். பச்சைப் பட்டைகளின் வெளி ஓரத்துக்கு 2 செ.மீ. விட வேண்டும். நீலத்துக்கும் கருப்புக்கும் இரு பக்கமும் 1.5. முடிந்த அளவு எங்கே வரும் என்பதைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தாரியை நடுவில் வைக்கும்போது அரை சென்டிமீட்டர் ஒதுங்கிப் போகும், ஏனென்றால் இரு ஓரத்து மடிப்பும் ஒரே அளவல்ல.

தைத்தல்

முதலில் தாரியும் நட்சத்திரமும். பட்டைகளை மூட்டுவதற்கு முன்பே, நீலத் துணி தனியாக இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். வெள்ளைத் துணியில் வடிவத்தை வரைந்து, சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு வெட்டி, நீலத்தின் முன்பக்கம் குண்டூசியால் பொருத்துங்கள். பெரிய ஓட்டுத் தையல் போட்டு நிறுத்துங்கள், குண்டூசியை மட்டும் நம்ப வேண்டாம். கோட்டின் மேலேயே நெருக்கமாக சிக்சாக் ஓட்டுங்கள். வீட்டில் கால் மிஷின் மட்டும் இருந்தால் அதில் சிக்சாக் வராது. சேலைக்கு ஃபால்ஸ் வைத்து சிக்சாக் அடிக்கும் கடைகள் ஊருக்கு நாலு இருக்கின்றன, பொறுமையான ஆளாகப் பார்த்துப் பக்கத்தில் நின்று ஓட்டி வாங்குங்கள். எங்கள் பிள்ளைகள் நட்சத்திரத்தைக் கையாலேயே காஜாத் தையலில் முடித்தார்கள். நேரம் பிடித்தது, ஆனால் முனைகள் மிஷினைவிடக் கூர்மையாக வந்தன.

சிக்சாக் முடிந்ததும் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளையை ஒட்ட வெட்டுங்கள். பிறகு கொடியைத் திருப்பிப்போட்டு, தையலுக்கு உள்ளே இருக்கும் நீலத்தை 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டி எடுங்கள். இப்போது பின்பக்கமும் வெள்ளை தெரியும். வெட்டிய ஓரத்தின் மேல் பின்பக்கமிருந்து இன்னொரு சிக்சாக். இந்தக் கொடி இடமும் வலமும் ஒன்றுபோல இருப்பதால் முன்னும் பின்னும் ஒரே படம்தான், பின்பக்கத்துக்குத் தனி வேலை கிடையாது. நீலத்தை வெட்டும்போது கத்தரியின் கீழ் அலகு வெள்ளையில் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைச் சின்னப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கருப்புப் பட்டையை மூட்டுவது. நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேரும்படி கருப்பைப் பச்சையின் மேல் வைத்து, 1.5 செ.மீ. உள்ளே நேர்த் தையல் ஓட்டுங்கள். பின்பக்கம் இரண்டு துணியின் ஓரமும் நிற்கும். பச்சை ஓரத்தை அரை சென்டிமீட்டராகக் குறைத்து வெட்டுங்கள். கருப்பு ஓரத்தைக் குறைக்காமல், அதைப் பச்சை ஓரத்தின் மேல் மடித்து மூடி, இரண்டையும் பச்சைப் பக்கமாகப் படுக்கவைத்து, மடிப்பின் விளிம்பில் இன்னொரு தையல் ஓட்டுங்கள். சட்டையின் பக்கவாட்டில் இரட்டைத் தையல் இருக்கிறதே, அதே முறைதான். நீலத்தோடு சேர்க்கும்போதும் கருப்பு ஓரம் நீலத்தின் மேல்தான் படுக்க வேண்டும்.

ஏன் இப்படி என்றால், எதிர்த்திசையில் மடித்தால் பின்பக்கத்தில் பச்சையும் நீலமும் கருப்பின் மேல் ஏறிக்கொள்ளும். ஏற்கெனவே மெல்லிய பட்டை அது. இரு பக்கமும் அரை அரை சென்டிமீட்டருக்கு மேல் விழுங்கினால், பின்னாலிருந்து பார்ப்பவருக்கு ஒரு கோடு மட்டும்தான் தெரியும். நான் சொல்கிறபடி மடித்தால் பின்பக்கத்தில் கருப்பு கொஞ்சம் அகலமாகத் தெரியும். ஏதாவது ஒன்று கூடித்தான் தீர வேண்டும் என்றால், மக்கள் கூடட்டும். நிலத்துக்கும் கடலுக்கும் நடுவில் அவர்களை நசுக்கித் தைக்க என் கைக்கு வராது.

சுவரில் மாட்டப்போகும் கொடிக்கு இவ்வளவும் வேண்டாம். சாதாரண மூட்டுத் தையல் ஓட்டி, ஓரங்களை ஓவர்லாக் செய்து, கருப்புப் பக்கமாகப் படிய இஸ்திரி போட்டால் போதும். பின்பக்கம் சுவரைத்தான் பார்க்கப்போகிறது.

மேல், கீழ் ஓரங்களை ஒன்று ஒன்றாக இரண்டு மடிப்பு மடித்துத் தையுங்கள். பறக்கும் பக்கத்தில் அந்த 3 செ.மீ.யை இரட்டை மடிப்பாக மடித்து நான்கு வரிசைத் தையல் போடுங்கள். பங்குனி, சித்திரை வெயில் துணியை மக்கச் செய்யும், ஆடிக் காற்று அதைக் கிழிக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில் எந்தக் கொடியும் முதலில் பிய்வது இந்த ஓரத்தில்தான். பிய்ந்தால் கொடியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கிழிந்த அளவை நேராக வெட்டிவிட்டு மறுபடி மடித்துத் தைக்கலாம், ஒரு முறைக்கு மேல் அப்படிச் செய்தால் நீளம் குறைந்து படம் கோணலாகத் தெரியும். கம்பப் பக்கத்தில் 2 செ.மீ.யை மடித்து, கெட்டியான வெள்ளை நாடாவை உள்ளே வைத்துத் தைத்து, இரண்டு முனையிலும் கயிறு கட்ட வளையம் விடுங்கள்.

மாட்டுதல்

மேல் எது, கீழ் எது என்று பட்டைகள் சொல்லாது, இரண்டு பக்கமும் பச்சைதான். தாரியின் வாய் கீழே பார்க்க வேண்டும், நட்சத்திரத்தின் ஒரு முனை மேலே பார்க்க வேண்டும். மேல் ஓரத்து வளையத்துக்குச் சிவப்பு நூலில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால், ஏற்றுகிற பிள்ளைக்குக் குழப்பம் வராது.

பள்ளி வளாகத்தில் கம்பத்தில் ஏற்றப்போகிறீர்கள் என்றால் தலைமையாசிரியரிடம் முதலில் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடிச் சட்டத்தொகுப்புப்படி நம் தேசியக் கொடிக்கு மேலாகவோ, அதைவிட உயரமாகவோ வேறு கொடி இருக்கக் கூடாது. கண்காட்சி என்றால் உள்ளே, சுவரில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே மாட்டுவதே நல்லது. மேசை விரிப்பாகப் போடாதீர்கள். அதன்மேல் பெயர்ப்பலகை ஒட்டாதீர்கள்.

பக்கத்தில் ஒரு அட்டை வையுங்கள். எங்கள் பிள்ளைகள் எழுதியது இது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்: 'டோரஸ் நீரிணைத் தீவு மக்களின் கொடி. வரைந்தவர் மறைந்த பெர்னார்ட் நமோக், தர்ஸ்டே தீவு, 1992. பதிப்புரிமை டோரஸ் நீரிணைத் தீவு வட்டார மன்றத்துடையது, அவர்கள் அனுமதியுடன் தைக்கப்பட்டது. பச்சை நிலம். நீலம் கடல். கருப்பு மக்கள். வெள்ளை அமைதி. தாரி அவர்களின் தலையணி. ஐந்து முனை ஐந்து தீவுத் தொகுதிகள்.' அதற்குக் கீழே தைத்த பிள்ளைகளின் வகுப்பையும் பள்ளியையும் எழுதுங்கள். கண்காட்சி முடிந்ததும் கொடியையும் அட்டையையும் ஒன்றாகவே, பழைய வேட்டித் துணியில் சுற்றி, ரசக் கற்பூரம் போடாமல், மடிக்காமல் உருட்டி வையுங்கள். மடித்தால் தாரியின் நடுவில் விழும் தடம் இஸ்திரிக்கும் போகாது.